தனக்கோடி சுவிஸ் போய் வந்த கதை

பெங்களூர் கோரமங்கலாவில் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில், குழந்தைகள் விளையாடும் இடத்தை ஒட்டி நான்கு சிமெண்டு பெஞ்சுகள் போட்டிருந்தார்கள். சாயங்காலம் ஐந்து மணியானால் அவை ஆயாக்களுக்குச் சொந்தம். குழந்தைகள் சறுக்குமரத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருக்க, இவர்கள் உட்கார்ந்து பேசுவார்கள். எந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, எந்த வீட்டு மாமியார் சர்க்கரை டப்பாவை அளந்து வைக்கிறாள் என்பதெல்லாம் அங்கே அலசப்படும். ஆனால் எல்லாவற்றையும்விட மவுசு வெளிநாட்டுக் கதைக்குத்தான்.

வீட்டுக்காரர்கள் விடுமுறைக்கு வெளிநாடு போகும்போது, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆயாவையும் கூட்டிப்போவது இப்போது வழக்கமாகிவிட்டது. வனஜா துபாய் போய் வந்தவள். போய் வந்து இரண்டு வருஷமாகியும் அவள் வாயில் துபாய் பழசாகவில்லை. "பஸ் ஸ்டாப்புக்கே ஏசி போட்டிருக்கான்டி. நான் பஸ் வந்தும் ஏறாம உள்ளயே குந்திக்கினு இருந்தேன்" என்று ஆரம்பிப்பாள். இன்னொருத்தி லண்டனில் ஒரு மாசம் இருந்து, அறையின் ஜன்னலைத் தவிர வேறொன்றும் பார்க்காமல் திரும்பியவள். அந்த ஜன்னலைப் பற்றியே அரைமணி நேரம் பேசுவாள். மற்றவர்கள் வாய் பிளந்து கேட்பார்கள்.

தனக்கோடி கேட்பவர்களில் ஒருத்தி. வயது நாற்பத்து நான்கு. அல்சூரில் பிறந்து, கல்யாணமாகி ஈஜிபுராவுக்கு வந்து, இருபத்து மூன்று வருஷமாக அதே குறுக்குத்தெருவில் வாடகைக்கு இருந்தாள். அதிகபட்சம் அவள் போன தூரம் மேல்மருவத்தூர். பார்கவி வீட்டில் வேலைக்குச் சேர்ந்தபோது ரக்ஷா பிறந்து நாற்பது நாள். இப்போது ரக்ஷாவுக்கு மூன்று வயது. அம்மாவிடம் சாப்பிட மாட்டாள், தனக்கோடியிடம் சாப்பிடுவாள். அதனால்தான் பார்கவி ஒரு நாள், "அக்கா, ஏப்ரல்ல சுவிட்சர்லாந்து போறோம். எனக்கு ஆபீஸ் மீட்டிங் இருக்கு, அப்படியே லீவும். நீங்க வராம ரக்ஷாவ சமாளிக்க முடியாது. பாஸ்போர்ட் எடுத்துடலாமா?" என்று கேட்டாள். பார்கவிக்குச் சொந்த ஊர் ஈரோடு. கம்பெனியில் பெரிய வேலை. அவள் புருஷன் சுதீர் இந்த ஊர்க்காரன், கன்னடக்காரன்.

தனக்கோடி அன்று வீட்டுக்கு நடந்து போகவில்லை, ஓடினாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

அவள் புருஷன் முனிராஜ் பெயிண்டர். கட்டடங்களுக்கு வெளிச்சுவர் அடிக்கிறவன். பெண்டாட்டி வெளிநாடு போகப்போகிறாள் என்று தெரிந்ததும், சாரத்தில் தொங்கிக்கொண்டே ஊருக்கெல்லாம் சொன்னான். சிவாஜிநகருக்குப் போய் அவளுக்கு ஒரு பெட்டி வாங்கி வந்தான். பெட்டியின் நான்கு சக்கரங்களையும் வீட்டுக்குள்ளேயே உருட்டிப் பார்த்தான். கிளம்புகிற அன்று அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"தனா, போன்ல எதையும் சொல்லிடாத. எல்லாத்தையும் மனசுல வெச்சிக்கினு வா. வந்து என் எதிர்ல குந்து, மொதல்லருந்து சொல்லு. பிளேன் ஏறினதுலருந்து."

"அவ்ளோ நேரம் நீ கேப்பியா? பாதியில தூங்கிடுவ."

"தூங்கினா எழுப்பிச் சொல்லு."

பத்தொன்பது வயது மகள் வீணா சிரித்தாள். அவள் பி.காம். இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டே மாலையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பில் போடுகிற வேலை பார்த்தாள். "ரெண்டு பேரும் ஓவரா பண்றீங்கப்பா" என்றாள்.

தனக்கோடியின் போன் அங்கே வேலை செய்யாது என்று சுதீர் சொல்லிவிட்டான். தனியாக அதற்குப் பணம் கட்டுவானேன், பார்கவியின் போனிலேயே இரண்டு நாளைக்கு ஒருமுறை பேசிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. வீணாவிடம் பார்கவியின் நம்பர் இருந்தது. தனக்கோடிக்கும் அது சரியாகத்தான் பட்டது. தன் போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

பதினைந்து நாள் பயணம். தனக்கோடி பார்த்ததையெல்லாம் முனிராஜுக்குச் சொல்வதுபோலவே பார்த்தாள். ரயில் சத்தமே இல்லாமல் வந்து நின்றதை, 'இட்லி வேகற சத்தம்கூட இல்லய்யா' என்று மனசுக்குள் சொல்லிவைத்துக்கொண்டாள். தெருக்குழாயில் தண்ணீர் பிடித்து சூட்டு கோட்டு போட்டவன் குடிப்பதை, மாட்டுக்கு அண்டா அளவு மணி கட்டியிருப்பதை, கக்கூஸில் தண்ணீருக்குப் பதில் காகிதம் இருந்ததால் தான் ஒரு பாட்டிலைக் கைப்பைக்குள் ஒளித்து எடுத்துக்கொண்டு திரிந்ததை, எல்லாம் வரிசையாக அடுக்கிக்கொண்டாள். வேலை அங்கேயும் வேலைதான். காலையில் சின்னக் குக்கரில் சோறு வைத்து, தயிர் போட்டுப் பிசைந்து ஊட்டுவாள். பார்கவி மீட்டிங்குக்குப் போனால், அறையில் ரக்ஷாவோடு அடைந்து கிடப்பாள். ஆனாலும் அவளுக்குச் சலிக்கவில்லை.

எட்டாம் நாள் புதன்கிழமை முனிராஜோடு பேசினாள். "ஐஸு பாத்தியா?" என்று கேட்டான். "நீதான சொல்லக் கூடாதுன்ன" என்றாள். "ஆமா ஆமா, சொல்லாத சொல்லாத" என்று சிரித்தான். அத்தோடு போனை வீணாவிடம் கொடுத்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை பனிமலைக்குப் போனார்கள். கம்பியில் தொங்கும் பெட்டியில் ஏறி மேலே போனபோது அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இறங்கிப் பார்த்தால் உலகமே வெள்ளை. ரக்ஷா ஒரு பிடிப் பனியை அள்ளித் தனக்கோடியின் கழுத்துக்குள் போட்டாள். தனக்கோடி கத்திவிட்டு, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். பார்கவி அதைப் போட்டோ எடுத்தாள். சுதீர் அன்று ஏனோ அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. ஒரு கோப்பை சூடான சாக்லேட்டைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்துவிட்டு வேகமாகப் போய்விட்டான்.

சனிக்கிழமை வீட்டுக்குப் பேச வேண்டுமென்று கேட்டாள். "வீணாவுக்குப் பரீட்சை போலக்கா. எல்லாரும் நல்லா இருக்கோம்னு மெசேஜ் போட்டிருக்கா" என்றாள் பார்கவி. அன்று மாலை தயிர் வாங்க ஒரு கடைக்குப் போனார்கள். யாழ்ப்பாணத்துக்காரர் கடை. கல்லாவில் இருந்தவர் தனக்கோடியின் புடவையைப் பார்த்து, "அக்கா எந்த ஊர்?" என்று கேட்டார். அவ்வளவு தூரத்தில் தமிழைக் கேட்டு அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "வீட்டுக்குக் கதைச்சு எத்தனை நாள்? இந்தாங்கோ, என்ர போனில கதையுங்கோ" என்று நீட்டினார். முனிராஜின் நம்பர் அவளுக்கு மனப்பாடம். கையை நீட்டிவிட்டாள். பார்கவி இடையில் புகுந்து, "இல்லண்ணா, இப்பதான் பேசினோம். எல்லாரும் நல்லா இருக்காங்க" என்றாள். தனக்கோடி கையை இழுத்துக்கொண்டாள். மேடத்துக்கு அவசரம் போலிருக்கிறது என்று நினைத்தாள். அதற்கப்புறமும் வீட்டுக்குப் பேசக் கேட்டபோதெல்லாம் பார்கவி ஏதாவது ஒரு சாக்குச் சொன்னாள்.

அடுத்த வியாழக்கிழமை பெங்களூரில் வந்து இறங்கினார்கள். டாக்ஸியில் சுதீர் முன்னால் உட்கார்ந்தான். பின்னால் பார்கவியும் தனக்கோடியும். தனக்கோடியின் மடியில் ரக்ஷா தூங்கிக்கொண்டிருந்தாள்.

"டாக்ஸி முதல்ல உங்க வீட்டுக்கே போகட்டும் அக்கா" என்றாள் பார்கவி.

"எதுக்கு மேடம்? பாப்பாவுக்குச் சோறு குடுத்துட்டு நான் நடந்தே போய்க்கிறேன்."

ஹெப்பாள் மேம்பாலத்தில் வண்டிகள் நின்றன. பார்கவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, முனிராஜ் அண்ணாவுக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்ல."

"எந்த ஆஸ்பத்திரி?"

சுதீர் திரும்பாமலேயே, "சொல்லிடு பார்கவி" என்றான்.

"அண்ணா தவறிட்டார்க்கா. சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுல நெஞ்சு வலி வந்து... வியாழக்கிழமை காலைல."

தனக்கோடிக்குப் புரியவில்லை. "இன்னிக்குத்தான வியாழக்கிழமை?"

"போன வியாழக்கிழமைக்கா."

அவள் வாயைத் திறந்தாள். சத்தம் கிளம்புவதற்கு முன்பே மடியில் ரக்ஷா புரண்டாள். தனக்கோடியின் வலது கை தானாகப் போய் வாயைப் பொத்திக்கொண்டது. இடது கை குழந்தையின் முதுகைத் தட்டிக்கொடுத்தது. மூன்று வருஷப் பழக்கம். ஹெப்பாளிலிருந்து ஈஜிபுரா வரைக்கும், முக்கால் மணி நேரம், அவள் அப்படியே வாயைப் பொத்திக்கொண்டு வந்தாள்.

தெருமுனையில் அவளைப் பார்த்ததும் பெண்கள் ஓடி வந்தார்கள். அவள் காலில் பார்கவி வாங்கிக்கொடுத்த வெள்ளை ஷூ, மேலே சிவப்பு ஸ்வெட்டர். பெட்டி பின்னால் உருண்டு வந்தது. வனஜா கட்டிக்கொண்டு அழுதாள். மாடியில் அவர்கள் வீட்டில் முனிராஜின் படத்துக்கு மாலை போட்டு விளக்கேற்றியிருந்தது. பக்கத்தில் அவனுடைய அண்ணன் கோவிந்தப்பா தாடியோடு உட்கார்ந்திருந்தார். தனக்கோடி படத்துக்கு முன்னால் விழுந்தாள். அப்போதுதான் அவளுக்குக் குரல் வந்தது.

எவ்வளவு நேரம் அழுதாளோ தெரியாது. நிமிர்ந்து பார்த்தபோதுதான், வீணா தன் பக்கத்தில் வரவே இல்லை என்று உறைத்தது. அவள் சமையலறை வாசலில் கைகட்டி நின்றாள்.

"வீணா..."

"வந்துட்டியா? எல்லாம் சுத்திப் பாத்து முடிச்சிட்டியா?"

"என்னடி பேசற? எனக்கு இப்பதான்டி சொன்னாங்க. வண்டியில வரும்போதுதான் சொன்னாங்க."

"பொய் சொல்லாதம்மா." வீணாவின் குரல் உயரவே இல்லை. "அப்பாவ ஆஸ்பத்திரில பாத்துட்டு, மொதல்ல உன் மேடத்துக்குத்தான் போன் பண்ணேன். அம்மாகிட்ட சொல்லிட்டேன், அழறாங்க, பேசற நெலமைல இல்லன்னாங்க. சாயங்காலம் திருப்பியும் பண்ணேன். டிக்கெட் கெடைக்கல, நீங்களே முடிச்சிடுங்கன்னு அம்மா சொல்லிட்டாங்கன்னாங்க. ஒரு நிமிஷம் அம்மாகிட்ட குடுங்கன்னு கெஞ்சினேன். மாத்திரை போட்டுத் தூங்கறாங்கன்னாங்க."

"ஐயோ, நான் சொல்லலடி. சத்தியமா எனக்குத் தெரியாதுடி."

வீணா போனை எடுத்து, தேடி, அவள் முகத்துக்கு நேரே பிடித்தாள். பனிமலை. ரக்ஷா ஒரு பக்கம். தலையைப் பின்னால் சாய்த்து, பல்லெல்லாம் தெரிய, தனக்கோடி.

"வெள்ளிக்கிழமை நாலு மணி. வில்சன் கார்டன் கரண்ட் சுடுகாட்டுல அப்பாவ உள்ள தள்ளிட்டு வெளில வந்து நிக்கறேன். போனப் பாத்தா அவங்க ஸ்டேட்டஸ்ல இது இருக்கு."

தனக்கோடி கூடியிருந்தவர்களை ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். வனஜாகூடத் தலையைக் குனிந்துகொண்டாள். எல்லோருமே அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறார்கள் என்று அவளுக்கு அப்போது தெரிந்தது.

"விடு வீணா. காரியம் முடியட்டும்" என்றார் கோவிந்தப்பா.

"மாமா, நீங்களாவது நம்புங்க."

"நம்பறேன் தனம்" என்றார் அவர். ஆனால் அவளைப் பார்த்துச் சொல்லவில்லை.

பதினோராம் நாள் காரியம் முடிந்தது. மறுநாள் தனக்கோடி கோரமங்கலாவுக்குப் போனாள். பார்கவி கதவைத் திறந்தாள். உட்காரச் சொன்னாள். தனக்கோடி உட்காரவில்லை.

"ஏன் மேடம் இப்படிப் பண்ணீங்க?"

பார்கவிக்கு உடனே அழுகை வந்துவிட்டது. "வேணும்னு பண்ணலக்கா. அன்னிக்கே டிக்கெட் பாத்தேன். ரெண்டு இடத்துல பிளேன் மாறணும். உங்களுக்குத் தனியா மாறத் தெரியாது. எப்படிப் போனாலும் சனிக்கிழமைதான் போய்ச் சேருவீங்க. அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருக்கும். அங்க அந்த ரூம்ல உக்காந்து அழுறதவிடத் தெரியாமலேயே இருக்கட்டும்னு நினைச்சேன். உங்க நல்லதுக்குத்தான்க்கா. அதோட திங்கக்கிழமை என் பிரசென்டேஷன். ரக்ஷாவ யாரு..."

அதோடு நிறுத்திக்கொண்டாள்.

"என்னை அழறதுக்காவது விட்டிருக்கலாமே மேடம்" என்றாள் தனக்கோடி.

பார்கவி தரையைப் பார்த்தாள்.

"முடிச்சிடுங்கன்னு நான் சொன்னேனா? அந்த வார்த்தை என் வாயிலருந்து வந்துதா? என் பொண்ணு என் மூஞ்சியப் பாக்க மாட்டேங்குறா. எனக்கு வேற ஒண்ணும் வேணாம். நீங்க வந்து அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. எங்க அம்மாவுக்குத் தெரியாதுன்னு ஒரே ஒரு வார்த்தை."

"வரேன்க்கா. ஞாயித்துக்கிழமை கண்டிப்பா வரேன்."

குரல் கேட்டு உள்ளறையிலிருந்து ரக்ஷா ஓடி வந்தாள். "தனம்மா!" என்று இரண்டு கால்களையும் கட்டிக்கொண்டாள். தனக்கோடி குனிந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். குழந்தை மறுபடி பிடித்துக்கொண்டது. மறுபடி பிரித்தாள். லிஃப்டுக்குக் காத்திருக்காமல் எட்டு மாடியும் படியிறங்கிப் போனாள். குழந்தை அலறுவது மூன்றாவது மாடி வரைக்கும் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை பார்கவி வரவில்லை. சுதீர் வந்தான். அந்தத் தெருவுக்குள் கார் நுழையாது. எங்கேயோ நிறுத்திவிட்டு நடந்து வந்திருந்தான். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, முனிராஜின் படத்தைக் கும்பிட்டான். அவன் பேசிய தமிழில் பாதி கன்னடம்.

"வீணா, உங்க அம்மாவுக்குக் கொத்தே இல்ல. நெஜமாத் தெரியாது. அவங்க ஏதும் சொல்லல. எல்லாம் நாங்கதான் பண்ணது. நான் சொல்லலாம்னேன், ஆனா சொல்லல. தப்பு எங்களது."

அவன் போன பிறகு தனக்கோடி மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியதுபோல் இருந்தது. இனி அவள் வருவாள், மடியில் விழுவாள், இரண்டு பேரும் சேர்ந்து அழுவோம் என்று காத்திருந்தாள்.

வீணா அழுதாள். ஆனால் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டு அழுதாள்.

"நீ பண்ணலன்னு தெரிஞ்சுபோச்சும்மா. நான் நம்பறேன். ஆனா அப்பாவ நெனைச்சா எனக்கு அந்த போட்டோதான் கண்ணுல வருது. அந்தச் சுடுகாட்டுல எல்லார் எதிர்லயும் உன்னை என்னென்னவோ திட்டிட்டேன். அப்பா எரியற எடத்துக்கு வெளில நின்னு, இனிமே எனக்கு அம்மாவும் இல்லன்னு சொன்னேன். அதையெல்லாம் நான் எங்க கொண்டுபோய் வெக்கறது? உன்னப் பாத்தா ரெண்டும் சேர்ந்து வருது."

"கோவத்துல சொன்னதுடி. எனக்கு ஒண்ணுமில்லடி."

"எனக்கு இருக்கே."

பரீட்சை முடிந்த கையோடு வீணா சந்தாபுராவில் பெரியப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கேயே ஒரு கம்பெனியில் கணக்கெழுதும் வேலை கிடைத்தது. கல்லூரியை விட்டுவிட்டாள். போகும்போது சண்டை எதுவும் இல்லை. துணிமணிகளை எடுத்துக்கொண்டு, கேஸ் சிலிண்டர் எப்போது தீரும் என்பதை அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனாள். அந்த நிதானத்தைத்தான் தனக்கோடியால் தாங்க முடியவில்லை.

வீட்டில் அவள் மட்டும் மிஞ்சினாள். சோறு வடித்தால் மூன்று பேருக்கு வடித்துவிடுவாள். பழைய சோற்றை மறுநாளும் அதற்கு மறுநாளும் தின்றாள். தெருவில் சுதீர் வந்து சொன்ன விஷயம் பரவியிருந்தது. இப்போது எல்லோரும் அவளிடம் அன்பாகத்தான் இருந்தார்கள். அதிலும் ஒரு பேஜார் வந்து சேர்ந்தது. ஒரு மாசம் போனதும் பெண்கள் மெதுவாகக் கேட்க ஆரம்பித்தார்கள். தப்பாக ஒன்றும் இல்லை, அவளைக் கொஞ்சம் தேற்றலாம் என்ற எண்ணம்தான். "ஏன் தனம், அங்க ஐஸ் மலையெல்லாம் எப்படி இருந்துச்சு?" என்பார்கள். அவள் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

பார்கவி வீட்டுக்கு அவள் திரும்பிப் போகவில்லை. சம்பளத்தைச் சுதீர் அனுப்பிவைத்தான். இரண்டு தெரு தள்ளி வேறொரு குடியிருப்பில் இரட்டைக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்தாள். அங்கேயும் விளையாடும் இடம் இருந்தது. பெஞ்சு இருந்தது, ஆயாக்கள் இருந்தார்கள். தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்த தமயந்தி என்கிற பெண் ஒரு நாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முப்பது வயதிருக்கும். ஊரில் அம்மாவிடம் ஆறு வயதுப் பெண்ணை விட்டுவிட்டு வந்தவள்.

"அக்கா, நீங்க சுவிஸ் போயிட்டு வந்தீங்களாமே? என்னை சிங்கப்பூர் கூட்டிட்டுப் போறாங்க. எனக்குப் பயமா இருக்கு. பிளேன்ல எப்படி இருக்கும், சொல்லுங்களேன்."

அந்தப் பெண்ணுக்கு நடந்தது ஒன்றும் தெரியாது என்று தனக்கோடிக்குத் தெரிந்தது. ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கலாம். ஆனால் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். பிளேனில் காது அடைத்ததைச் சொன்னாள். ரயில் இட்லி வேகிற சத்தம்கூட இல்லாமல் வந்து நின்றதைச் சொன்னாள். கைப்பைக்குள் ஒளித்த தண்ணீர்ப் பாட்டிலைச் சொன்னபோது தமயந்தி விழுந்து விழுந்து சிரித்தாள். சுற்றியிருந்தவர்கள் நெருங்கி வந்தார்கள். கதை நன்றாக வந்தது. எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எந்த இடத்தில் குரலை ஏற்ற வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஏனென்றால் ஒவ்வொன்றையும் அவள் எத்தனையோ முறை மனசுக்குள் முனிராஜுக்குச் சொல்லிப் பழகியிருந்தாள். அவனுக்காகச் சேர்த்துவைத்ததை இப்படி யாரோ நான்கு பேருக்கு எடுத்து விளம்பிக்கொண்டிருக்கிறோம் என்பது பாதியில்தான் உறைத்தது. பனிமலை வரைக்கும் வந்து நின்றுவிட்டாள்.

"அப்புறம் அக்கா?"

"அப்புறம் ஒண்ணுமில்ல. திரும்பி வந்துட்டோம்."

"குடுத்து வெச்சவங்கக்கா நீங்க" என்றாள் தமயந்தி.

தனக்கோடி இரட்டையரில் ஒருத்திக்கு மூக்கைத் துடைத்துவிட்டாள். பிறகு கேட்டாள், "அங்க போயி வீட்டுக்கு எப்படிப் பேசுவ?"

"மேடம் போன்லயே பேசிக்கலாம்னு சொல்லிட்டாங்கக்கா."

அப்போது மீதியையும் சொன்னாள். ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லி முடிக்கும்போது ஒருவரும் சிரிக்கவில்லை. தமயந்தியின் முகம் வெளுத்துவிட்டது. "உன் போனை எடுத்துக்கினு போ. கார்டு போட்டுக் குடுத்தாத்தான் வருவேன்னு சொல்லு" என்றாள் தனக்கோடி.

தமயந்தி இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் வந்து, "கேட்டுப் பாத்தேன்க்கா. எங்க மேல நம்பிக்கை இல்லையான்னு மேடம் மூஞ்சியத் தூக்கிட்டாங்க. வேலை போயிடுமோன்னு விட்டுட்டேன்" என்றாள். அடுத்த வாரம் சிங்கப்பூர் போனாள். இருபது நாள் கழித்து ஒரு குறையுமில்லாமல் திரும்பி வந்து, அங்கே பார்த்த கண்ணாடிப் பாலத்தைப் பற்றிப் பெஞ்சில் உட்கார்ந்து சொன்னாள். ஊரில் அவள் பெண்ணும் அம்மாவும் நன்றாகவே இருந்தார்கள். தனக்கோடிக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அன்றைக்கு வீட்டுக்கு வந்து, தனக்கு மட்டும் ஏன் அப்படி என்று தலையைச் சுவரில் முட்டிக்கொண்டு அழுதாள்.

மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தாபுராவுக்குப் போய்வந்தாள். சில்க் போர்டில் பஸ் மாறி, ஓசூர் ரோட்டில் ஒரு மணி நேரம். கோவிந்தப்பா வீட்டுக்குள் அதிகம் உட்கார மாட்டாள். வீணா அவளை வெளியே டீக்கடைக்குக் கூட்டிப்போவாள். இரண்டு பேரும் டீ குடிப்பார்கள். சாப்பிட்டியா, சளி தேவலையா, ஹவுஸ் ஓனர் ஏதாவது சொன்னாரா, அவ்வளவுதான் பேச்சு.

போன முறை போனபோது மழை பிடித்துக்கொண்டது. கடையின் தகரக் கூரைக்குக் கீழே அரைமணி நேரம் நிற்க வேண்டியதாயிற்று. வீணா திடீரென்று, "புதன்கிழமை உன்கூடப் பேசினாரில்ல, அப்புறம் அப்பா நெஞ்சத் தடவிக்கினே இருந்தாரு" என்றாள். "கரிக்குதுன்னாரு. சோடா வாங்கிக் குடுத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போலாமாப்பான்னு கேக்கணும்னு தோணுச்சு. கேக்கல. நீ இருந்திருந்தா கேட்டிருப்ப."

இத்தனை மாசமாக மகள் இதையும் சுமந்துகொண்டிருக்கிறாள். தனக்கோடி கையை நீட்டி அவள் தோளைத் தொட்டாள். வீணா விலகவில்லை, ஆனால் சாயவும் இல்லை. மழையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உன் மேல ஒண்ணும் தப்பு இல்லடி."

"உன் மேலயும் இல்ல. எனக்குத் தெரியும்." வீணா டம்ளரைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தாள். "ஆனா நீ வந்துட்டுப் போனா எனக்கு நாலு நாள் தூக்கம் இல்லம்மா. வேலைல தப்புத் தப்பா எழுதறேன். கொஞ்ச நாள் வராத. நானே கூப்பிடறேன்."

"எவ்ளோ நாளு?"

"தெரியலம்மா."

மழை விட்டதும் பஸ் வந்தது. வீணா ஏற்றிவிட்டு, ஜன்னல் பக்கம் வந்து நின்று, இடம் கிடைத்ததா என்று பார்த்துவிட்டுத்தான் திரும்பினாள். அது ஆவணி மாசம். இப்போது கார்த்திகையே பிறந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் தனக்கோடி போனைக் கையில் வைத்துக்கொண்டே துணி துவைக்கிறாள், கையில் வைத்துக்கொண்டே சோறு தின்கிறாள். வீணா இதுவரை கூப்பிடவில்லை.